ஒன்பது நீல வளையங்கள்

ஞானப்பூ டீச்சர் கையில் கத்திரிக்கோல் இருந்தால் காகிதம் சொன்னபடி கேட்கும். விசிறி மடிப்பாக மடித்து இரண்டே வெட்டு வெட்டி விரித்தால் ஆறு தேவதூதர்கள் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். தென்காசி மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயது இருபத்தேழு. அப்பா சுரண்டைப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக இருந்து காலமானவர். ஊரில் அம்மாவும், படிக்கிற தம்பியும் இவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மிஷன் பள்ளிகளுக்கெல்லாம் மேலாக இருந்த மேனேஜர் ஐயா பாளையங்கோட்டை ஆபீசிலிருந்து நேரில் வந்து பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். 1957ஆம் வருஷம் டிசம்பர் இருபதாம் தேதி வருவதாகத் தகவல் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸ் லீவு விடுகிற நாள். “சின்ன வகுப்புச் சுவரைத்தான் அவர் முதல்ல பாப்பாரு டீச்சர். வெறுஞ்சுவரா இருந்தா அவருக்குப் பிடிக்காது” என்று ஹெட்மாஸ்டர் ஆசீர்வாதம் சார் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் கொடுத்த கலர்த் தாள் நாலே நாலு. வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். அதனால் வீட்டில் கிடக்கிற கலர்த் தாள் எதுவானாலும் கொண்டுவரச் சொன்னாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நூல்கட்டில் ஒட்டி வருகிற படம் போட்ட லேபிள்களைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தன் கிழிந்த பட்டம் கொண்டுவந்தான். மிட்டாய்த் தாள், ஊதுபத்திக் கூடு, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள், பழைய காலண்டர் என்று மேசை நிறைந்தது. அந்த வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான். ஆனால் பசையும் காகிதமும் கையில் கிடைத்த சந்தோஷத்தில் நாற்பத்தொரு பேருக்கும் அது திருவிழாதான். மைதா மாவில் காய்ச்சிய பசையில் பாதி சுவருக்குப் போனது, பாதி வாய்க்குப் போனது.

நட்சத்திரங்கள் ஒட்டியாயிற்று. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டிகள் ஆயிற்று. வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கவிடுகிற காகிதச் சங்கிலி மட்டும் பாக்கி. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வளையங்களை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு வந்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நீலம் தீர்ந்துபோனது. கடைசி ஒரு முழம் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து அலிமா எழுந்து வந்தாள். ஆறு வயசு. ஹைருன் பீவியின் ஒரே மகள். அவள் தகப்பன் முகம்மது கனி சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக ஞானப்பூவுக்குத் தெரியும். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினாள். வெளிநாட்டிலிருந்து வருமே, தானே உறையாக மடிந்துகொள்ளும் மெல்லிய தாள், அதுதான். ஒரு பக்கம் மேல்விலாசமும் தபால்தலையும். உள்பக்கம் முழுக்க மையெழுத்து.

“டீச்சர், இதுல...” என்று அலிமா என்னவோ சொன்னாள். அதே நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தன் அடுத்தவன் தலையில் பசையைத் தேய்த்துவிட்டான். வகுப்பே கத்தியது.

“வீட்டுல சொல்லிட்டுத்தான எடுத்தே?”

பிள்ளை தலையை ஆட்டியது. எந்தக் கேள்விக்கும் அப்படித்தான் ஆட்டும்.

“சரி சரி, போய் உக்காரு.”

அது கடிதம் என்று ஞானப்பூவுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணால் பார்த்தாள். பழைய கடுதாசியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேல்விலாசமும் தபால்தலையும் இருந்த மடிப்பை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். மீதியை மேலிருந்து கீழாக ஒன்பது பட்டைகளாக வெட்டினாள். எழுத்து உள்ளே போகும்படி வளைத்து ஒட்டியதும் ஒன்பது நீல வளையங்கள் ஆயின. சங்கிலி எதிர்ச்சுவரைத் தொட்டது. கூடையில் இருந்ததை ஆயா சாயங்காலமே கொளுத்திவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மேனேஜர் ஐயா பதினொரு மணிக்கு வருகிறார். ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் நின்று பெஞ்சுகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு போர்த்திய ஹைருன் பீவி, அலிமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“டீச்சரம்மா, இவ வாப்பா லெட்டரு. புதன்கிழமதான் வந்துச்சு, ஆள வச்சு வாசிக்கக் கேட்டேன். தலவாணிக்கு அடியில வச்சிருந்தேன், காணல. ஒங்ககிட்ட குடுத்தேன்னு சொல்லுதா. அவுக எடம் மாறிட்டாக டீச்சரம்மா. புது விலாசம் அதுல மட்டுந்தான் இருக்கு. நான் இன்னும் பதில்கூட எழுதிப் போடல.”

ஆசீர்வாதம் சார் திரும்பி ஞானப்பூவைப் பார்த்தார். “பிள்ளை கொண்டுவந்த கடுதாசியையா வெட்டுனீங்க?” என்று அவர் கேட்கவில்லை. கேட்பதுபோல் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் பாளையங்கோட்டை ஆபீசும், நிரந்தரமாகாத வேலையும், ஊரில் அம்மாவும் தம்பியும் எல்லாம் சேர்ந்து கண்முன் வந்தன.

“நீலத் தாள் ஒண்ணு கொண்டாந்தா. அது சோப்புக்கட்டி சுத்துன தாளும்மா. லெட்டர் எதையும் நான் பாக்கல.”

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது.

அலிமா அழவில்லை. டீச்சர் மறந்துவிட்டாள், ஞாபகப்படுத்தினால் போதும் என்று நினைத்தவள்போல, ஒரு விரலை மேலே தூக்கிச் சங்கிலியைக் காட்டினாள். “அந்தா இருக்குல்லா டீச்சர்.”

தூக்கிய கையிலேயே ஹைருன் பீவி ஓங்கி ஒரு அடி வைத்தாள். “பொய்யா சொல்லுத? டீச்சர் முன்னாடியே பொய் சொல்லுதியே, எங்கட்டி கொண்டுபோய்க் கிழிச்சுப் போட்ட?” முதுகில் இன்னும் இரண்டு விழுந்தன.

“பெரியவங்க வர்ற நேரம். வீட்ல வச்சு விசாரிங்கம்மா” என்றார் ஆசீர்வாதம் சார், தணிந்த குரலில். ஹைருன் பீவி மகளை இழுத்துக்கொண்டு போனாள். தெருத் திரும்பும்வரை அலிமா கழுத்தைத் திருப்பி ஞானப்பூவையே பார்த்துக்கொண்டு போனாள். அதில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாத பார்வை.

மேனேஜர் ஐயா வந்தார். சுவரைப் பார்த்தார். ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். சங்கிலிக்குக் கீழே நின்று, “இந்த நீலம் கொஞ்சம் வித்தியாசமா அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார். “பிள்ளைங்க கொண்டுவந்தது ஐயா” என்றாள் ஞானப்பூ. அவள் வேலை நிரந்தரம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போனபிறகு அந்த ஒன்பது வளையங்களையும் கழற்றி எடுத்துவிடலாம் என்றுதான் அவள் மனதுக்குள் திட்டம் போட்டிருந்தாள். ஆனால் சந்தோஷத்தில் இருந்த ஹெட்மாஸ்டர், மேனேஜர் ஐயாவை வழியனுப்பிவிட்டு வந்ததுமே ஸ்டூலில் ஏறிச் சங்கிலியைக் கழற்றிவிட்டார். “லீவுக்குப் போற பிள்ளைங்க ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுபோகட்டும்.” அவள் “சார், சார்” என்று வருவதற்குள், நீட்டிய கைகளில் எல்லாம் இரண்டு இரண்டு, மூன்று மூன்று வளையங்களாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டார். மணி அடித்தது. பிள்ளைகள் பறந்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாள். போகவில்லை. சனிக்கிழமை காலையில் வருகைப் பதிவேட்டிலிருந்து பிள்ளைகளின் பேரையும் தெருவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினாள். நீல வளையம் யார் யார் கைக்குப் போனது என்று தெரியாததால் எல்லா வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. “அந்தச் சங்கிலி பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேணும்” என்று ஒரே பொய்யை வீடுவீடாகச் சொன்னாள். ஒரு வளையம் தறியின் மேல்கட்டையில் தொங்கியது. ஒன்றைச் சாமி படத்துக்கு மாலையில் சேர்த்துச் செருகியிருந்தார்கள். அந்த வீட்டுக்கார அம்மாள் டீச்சரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “கிறிஸ்தவங்க சாமானம், வைக்கலாமோ கூடாதோன்னு எனக்கே யோசனையாத்தான் இருந்துச்சு” என்றாள். மேலகரத்தில் இரண்டு கிடைத்தன. இலஞ்சியில் ஒன்று. ஒரு வீட்டில் பிள்ளை கொடுக்கமாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதது. தனக்கென்று வாங்கிவைத்திருந்த புதுச் சிலேட்டுக் குச்சி டப்பாவைக் கொடுத்துவிட்டு வளையத்தை வாங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எட்டு கிடைத்துவிட்டது.

ஒன்பதாவது பேச்சிமுத்துவிடம் இருந்தது. அவன் வீடு குற்றாலத்தில். அப்பா பேரருவிக் கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பஸ் பிடித்துப் போனாள். மழை பெய்து ஓய்ந்த நேரம். அருவியில் தண்ணீர் கலங்கலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. பேச்சிமுத்து கோமணத்தோடு கல்லில் நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தான். டீச்சரைப் பார்த்ததும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“ஏலே, நீல வளையம் எங்கலே?”

“கையில வளையலாட்டம் போட்டிருந்தேன் டீச்சர்.”

“இப்ப எங்க?”

அவன் அருவியைக் காட்டினான். “அப்படியே போட்டுக்கிட்டு குளிச்சிட்டேன். கரைஞ்சு போச்சு.”

அவன் அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, “பய எதையும் திருடிட்டானா டீச்சர்?” என்று பதறினார். “இல்ல அண்ணாச்சி, அவன் ஒரு தப்பும் பண்ணல” என்றாள். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டாள்.

வாடகைக்கு இருந்த அறையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டிப் பசையை இளக்கி, எட்டுப் பட்டைகளையும் பிரித்தாள். அட்டை ஒன்றில் வரிசையாக ஒட்டினாள். ஆறாவது பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். மேலே வலதுபுறம் விலாசம். மலேயா இருந்தது, ஈப்போ இருந்தது, ரோடு என்ற சொல் இருந்தது. எந்த ரோடு, எத்தனையாம் நம்பர் என்பது அருவியோடு போயிருந்தது.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று தெரிந்தும் படித்தாள். ஒவ்வொரு வரியும் நடுவில் அறுந்து அறுந்து வந்தது. சிங்கப்பூரில் கூட இருந்தவர்களோடு மனஸ்தாபமாகி ஈப்போவுக்கு வந்துவிட்டதாக முகம்மது கனி எழுதியிருந்தான். புது இடம் அவர்களுக்குத் தெரியவேண்டாம், அவர்களிடம் விசாரிக்கவும் வேண்டாம். உன்னைக் கேட்காமல் மாறியதில் உனக்கு வருத்தம் இருந்தால் அதையாவது எழுது, பதில் வராவிட்டால் நீ என்னை வெறுத்துவிட்டாய் என்றுதான் நினைப்பேன். கடைசி வரிகளில் மகளைப் பற்றி இருந்தது. அலிமா பள்ளிக்கூடம் போகிறாளா? அவள் பேரை இங்கே பெரிசாக எழுதியிருக்கிறேன், டீச்சரிடம் காட்டி எழுதப் படிக்கச் சொல், அடுத்த கடிதத்தில் அவள் கையெழுத்து இருக்க வேண்டும்.

அலிமா என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு பட்டைகளுக்கு நடுவே வெட்டுப்பட்டிருந்தது.

“டீச்சர், இதுல...” என்று பிள்ளை ஆரம்பித்தது இதற்குத்தான். தன் பேர் அதில் இருக்கிறது என்று காட்ட வந்திருக்கிறாள். டீச்சர் கேட்டதோ நீலத் தாள். கொடுத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில், மனசில் குற்றத்தோடு தொடக்கூடாத திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனபோது ஞானப்பூ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் இடித்து, “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

நேராக ஹைருன் பீவி வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். ஆனால் அட்டையைப் பார்த்ததும் ஹைருன் பீவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இவ கிழிச்சுப் போட்டத தேடி எடுத்து ஒட்டிக்கூடக் கொண்டாந்திருக்கீகளே. பெத்தவகூட செய்யமாட்டாளே டீச்சரம்மா. எங்கன கெடந்துச்சு?”

“பள்ளிக்கூடத்துக் குப்பைக்குழியில கெடந்துச்சு” என்றாள் ஞானப்பூ.

அலிமா உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கைக்கு மேலே அடிபட்ட தடிப்பு இன்னும் ஆறவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஹைருன் பீவிக்காக அன்றைக்கே ஞானப்பூ பதில் எழுதிக் கொடுத்தாள். பேரும் ஈப்போவும் மட்டும் போட்டுப் போன கடிதம் மார்ச் மாதம் முத்திரைகள் குத்தித் திரும்பி வந்தது. இன்னொன்றும் அப்படியே வந்தது. அலிமாவைக் கடையநல்லூரில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். “இங்கன இருந்தா நெதம் எங்கிட்ட அடி வாங்குதா. அங்கனயாவது இருக்கட்டும்” என்றாள் ஹைருன் பீவி. அவள் முகம் வற்றிக்கொண்டு வந்தது. ஞானப்பூ யோசித்து யோசித்து, மூன்றாவது கடிதத்தை ஈப்போ பள்ளிவாசல் இமாம் அவர்களுக்கு என்று போட்டாள். தென்காசி முகம்மது கனி என்று யாராவது தொழ வந்தால் கொடுக்கவும் என்று கேட்டுக்கொண்டாள்.

1958 ஆகஸ்டில் முகம்மது கனியிடமிருந்தே பதில் வந்தது. எட்டு மாதமும் நீ பேசாமல் இருந்ததில் பாதி ஆளாகிவிட்டேன் என்று எழுதியிருந்தான்.

ஹைருன் பீவி ஒரு தூக்குச்சட்டி நிறைய இனிப்புச் சோறு கொண்டுவந்து ஆசீர்வாதம் சார் மேசையில் வைத்தாள். “எங் குடும்பத்தக் காப்பாத்துனது இந்த டீச்சரம்மாதான் சார்.” சாருக்குப் பெருமை தாங்கவில்லை. “இந்த மாதிரி டீச்சர் கெடைக்கது நம்ம பள்ளிக்கூடத்துக்கு...” என்று ஆரம்பித்தார்.

ஞானப்பூவால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அந்த லெட்டர வெட்டுனது நான்தான்” என்றாள். “லெட்டருன்னு தெரிஞ்சுதான் வெட்டுனேன். அன்னைக்கு நீங்க வந்து கேட்கும்போது ஒங்க தலைக்கு மேல தொங்குச்சு. சோப்புத் தாளுன்னு பொய் சொன்னேன். குப்பைக்குழின்னு சொன்னதும் பொய்.”

ஆசீர்வாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹைருன் பீவி ஞானப்பூ பக்கமாகத் திரும்பினாள்.

“அப்ப எம்புள்ள சொன்னது நெசமா?”

“நெசம்.”

தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹைருன் பீவி ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினாள். கடையநல்லூரிலிருந்து அலிமாவைக் கூட்டி வந்திருந்தாள். தாய் அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “நீங்களே அவகிட்ட சொல்லுங்க டீச்சரம்மா. நான் சொன்னா அவளுக்கு ஏற மாட்டேங்கு.”

ஞானப்பூ தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். “அலிமா, ஒன் வாப்பா லெட்டர நான்தான் வெட்டுனேன். நீ பொய் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரும்மா.”

ஏழு வயசுப் பிள்ளை நிதானமாகத் தலையை ஆட்டி மறுத்தது. “இல்ல டீச்சர். நான்தான் கிழிச்சேன்.”

“இல்லம்மா. கத்திரிக்கோல் வச்சு நான்...”

“நான்தான் கிழிச்சேன். கிழிச்சு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போட்டேன். உம்மாகிட்டகூட சொல்லிட்டேன்.” படிக்கிற பாடத்தை ஒப்பிக்கிற குரல். “இனிமே செய்யமாட்டேன்.”

ஹைருன் பீவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடிதம் காணாமல்போன வாரத்தில் அவள் நாள்தோறும் அடித்த அடியில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பிள்ளை அப்படி ஒத்துக்கொண்டதாம். ஒத்துக்கொண்டதும் அப்போதைக்கு அடி நின்றதாம்.

அதற்குப் பிறகு அலிமா தென்காசிக்கே வந்துவிட்டாள். இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். நன்றாகப் படித்தாள். ஆனால் வகுப்பில் சாக்குக்கட்டி தொலைந்தாலும், மைக்கூடு உடைந்தாலும், யார் செய்தது என்று கேட்டால் முதலில் எழுந்து நிற்பது அவள்தான். “நான்தான் டீச்சர்.” அந்த நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்திலேயே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தாலும் அப்படித்தான் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஞானப்பூ ஒவ்வொரு தடவையும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ செய்யலன்னா செய்யலன்னு சொல்லணும்” என்று சொல்லிக்கொடுத்தாள். “சரி டீச்சர்” என்பாள். அடுத்த தடவையும் எழுந்து நிற்பாள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அது போகவில்லை.

டிசம்பர் மாதம் வந்துகொண்டே இருந்தது. சுவர் அலங்காரத்தை வேறு யாராவது செய்யட்டும் என்று ஞானப்பூ ஒதுங்கிப் பார்த்தாள். நடக்கவில்லை. பிள்ளைகள் விடவும் இல்லை. கடைக்குப் போய்த் தானே கலர்த் தாள் வாங்கிவந்தாள். ஒரு பிள்ளையையும் வீட்டிலிருந்து தாள் கொண்டுவரச் சொல்லவில்லை. அவர்களாகக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “இதப் பத்திரமா வீட்டுல குடுத்துரு” என்று திருப்பிக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது. பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. தம்பி படித்து முடித்து மதுரையில் வேலைக்குப் போனான்.

1964இல் ஆசீர்வாதம் சார் ஓய்வுபெறுகிற சமயம், அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானப்பூதான் என்று மேனேஜர் ஐயா சொல்லியனுப்பினார். அவள் பாளையங்கோட்டைக்கே போய் அவர் ஆபீசில் நின்று நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த வேலை நிரந்தரமானதே ஒரு பொய்யால்தான் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் லேசாகச் சிரித்தார். “ஏழு வருஷத்துக்கு முந்தி, ஒரு கடுதாசி. அதத்தான் தேடிப் பிடிச்சு, ஆளையும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்களேம்மா. இதுக்குப் போயா இவ்வளவு?” தண்டனை எதுவும் இல்லை. நியமன உத்தரவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பாள்.

1966இல் முகம்மது கனி வந்து, மனைவியையும் மகளையும் தன்னோடு ஈப்போவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தான். பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். ஞானப்பூ ஓரமாக நின்றாள். ஹைருன் பீவிதான் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். பின்னாலேயே அலிமா வந்தாள். பதினைந்து வயசு. தாயைவிட உயரம்.

“போயிட்டு வாரேன் டீச்சர். சின்னப்பிள்ளையில ஒங்கள ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்லா” என்றாள் அலிமா சிரித்தபடி. “லெட்டர கிழிச்சுட்டு ஒங்க மேல பழி போட்டேனே. எனக்கே இன்னும் வெக்கமா இருக்கு.”

“அலிமா, நீ கிழிக்கல...”

“எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். கிழிக்கும்போது சர்ருன்னு சத்தம் கேட்டதுகூட ஞாபகம் இருக்கு.”

ஞானப்பூ ஹைருன் பீவியைப் பார்த்தாள். “விடுங்க டீச்சரம்மா” என்றாள் அவள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. “நானும் எத்தனயோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாம ரெண்டு பேரும் வச்சுக்கிட வேண்டியதுதான்.”

பஸ் கிளம்பியது. அலிமா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். ஞானப்பூவும் ஆட்டினாள். மத்தியான வகுப்புக்கு மணி அடிக்கிற நேரமாகிவிட்டதால், வெயிலில் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.